மறுபுனைவு நாவல்கள்: கட்டியங்காரன் பேசலாம், திரௌபதி பேசலாமா?

காட்பாடி கிழக்கு (இழையைத் தொடங்கியவர்)

காந்தி நகரில் ஒரு மொட்டை மாடியில் எங்கள் வாசிப்பு வட்டம் நடப்பது இங்கே பலருக்குத் தெரியும். அடுத்த சுற்றுக்குப் பழைய இலக்கியத்தைத் திரும்பச் சொல்கிற நாவல்களாகவே எடுக்கலாம் என்று பேசினோம், பேசின அன்றைக்கே சண்டை. வட்டத்தில் மூத்தவர் ஒருவர், வியாசரையும் இளங்கோவடிகளையும் தொடாதவர்களுக்கு மறுபுனைவு எதற்கு, முதலில் மூலத்தைப் படியுங்கள் என்கிறார். கல்லூரிப் பிள்ளைகளோ, அப்படிப் பார்த்தால் நாங்கள் ரிட்டயர் ஆன பிறகுதான் நாவலுக்கு வர முடியும் என்கிறார்கள். எனக்கு இரண்டு பக்கமும் நியாயம் இருப்பதுபோலத் தெரிகிறது, அதனால்தான் இங்கே கொண்டுவந்தேன்.

இன்னொரு சங்கடமும் இருக்கிறது. புத்தகத் திருவிழாவில் ஒரு சுற்று சுற்றினால் கர்ணன் சொல்கிறான், சகுனி சொல்கிறான், சூர்ப்பனகை சொல்கிறாள் என்று வரிசையாக அடுக்கிவைத்திருக்கிறார்கள். பாதி புத்தகங்களில் அட்டை மட்டும்தான் புதிது. எதை எடுப்பது, எதை விடுவது? தமிழில் எழுதியது, தமிழுக்கு வந்தது, ஆங்கிலம், எதுவானாலும் சரி, படித்தவர்கள் சொல்லுங்கள்.

பாலாறு மணல்

என்னைக் கேட்டால் இது சோம்பேறிகள் வேலை. பாத்திரம் ரெடி, கதை ரெடி, முடிவும் ரெடி. வாசகனுக்குக் கர்ணன் மேல் ஏற்கெனவே பரிதாபம் இருக்கிறது, அதன் மேல் இன்னும் நாலு கரண்டி நெய் ஊற்றினால் போதும், புத்தகம் விற்றுவிடும். ராணிப்பேட்டையில் தோல் ஷாப்பில் ரசாயனத்தில் கைவைத்து வேலை செய்கிறவனைப் பற்றி, வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பீடி சுற்றுகிற பெண்களைப் பற்றி எழுத ஆள் கிடைப்பதில்லை. அஸ்தினாபுரத்துக்குப் போக மட்டும் பஸ் பிடித்துக்கொண்டு ஓடுகிறார்கள்.

ஆம்பூர் பையன்

அண்ணா, நீங்க கேட்கிற நாவலே ஒரு மறுபுனைவுதான். பார்பரா கிங்சால்வர் எழுதிய ‘டீமன் காப்பர்ஹெட்’, 2022இல் வந்தது, அடுத்த வருஷம் புலிட்சர் கிடைத்தது. டிக்கன்ஸின் ‘டேவிட் காப்பர்ஃபீல்’டைத் தூக்கிக்கொண்டுபோய் அமெரிக்காவில் அப்பலாச்சிய மலைப்பக்கம், வர்ஜீனியாவின் ஒரு ஏழை மாவட்டத்தில் வைத்துவிட்டார். அங்கே அப்பன் இல்லாத பையன், அம்மாவும் போய்விடுகிறாள், அரசாங்கம் அவனை வீடு வீடாக அனுப்புகிறது, அனுப்புகிற இடத்தில் எல்லாம் வேலை வாங்குகிறார்கள். அப்புறம் ஊரையே அழிக்கிற வலி மாத்திரை. டிக்கன்ஸ் 1849, 1850இல் தொடராக எழுதின கதை, சிறுவனை ஃபாக்டரி வேலைக்கு அனுப்புகிற கதை, இன்றைக்கும் அப்படியே பொருந்துகிறது என்பதுதான் அந்த நாவல் வைக்கிற சாட்டையடி. மூலம் இல்லாமல் இதை எழுதியிருந்தால் ஒரு ஏழைப் பையன் கதை என்று ஓரமாக வைத்திருப்பார்கள். நூற்றெழுபது வருஷமாக இதையேதான் செய்துகொண்டிருக்கிறீர்கள் என்று சொல்வதற்கு டிக்கன்ஸ் தேவைப்படுகிறார்.

தோல் ஷாப் நாவலையும் யாராவது இப்படி எழுதட்டுமே, யார் தடுத்தார்கள்?

திமிரி தமிழாசிரியர்

சோம்பேறி வேலை என்று தம்பி பாலாறு எழுதியிருக்கிறார். அப்படியானால் கம்பர்தான் முதல் சோம்பேறி. வால்மீகியில் இராவணன் சீதையைக் கையால் தூக்கிப் போகிறான். கம்பர் அதை ஒப்பவில்லை, பர்ணசாலை நின்ற நிலத்தோடு பெயர்த்துக்கொண்டு போகவைத்தார். இரணியன் வதைப் படலம் வால்மீகியில் கிடையவே கிடையாது, வீடணன் வாயில் வைத்து ஒரு படலமே பாடிவிட்டார். வில்லிபுத்தூரார் மட்டும் என்ன? கர்ணன் தேர் சாய்ந்து கிடக்கிறான், கண்ணன் வேதியனாக வந்து செய்த புண்ணியத்தையெல்லாம் தானமாகக் கேட்கிறான், ‘ஆவியோ நிலையிற் கலங்கியது யாக்கை அகத்ததோ புறத்ததோ அறியேன்’ என்று கர்ணன் தொடங்குகிற இடம். வியாசரில் தேடினால் அது கிடைக்காது. ஆனால் தமிழ்நாட்டில் கர்ணன் என்றால் அந்தக் காட்சிதான்.

ஆகவே திரும்பச் சொல்வது குற்றமில்லை. என் மனக்குறை வேறு. இப்போது வருகிற நாவல்களில் பாத்திரங்கள் கருத்தரங்கில் கட்டுரை வாசிப்பதுபோலப் பேசுகின்றன. அண்மையில் ஒரு நாவல் (பெயர் வேண்டாம், எழுதியவருக்கு அது முதல் புத்தகம்), அதில் திரௌபதி சூதாட்ட மண்டபத்தில் நின்று தன் உரிமையைப் பற்றி மூன்று பக்கம் சொற்பொழிவு ஆற்றுகிறாள். வியாசருடைய திரௌபதி கேட்டது ஒரே கேள்வி: தன்னைத் தோற்ற பிறகு என்னை வைத்தாரா, என்னை வைத்துத் தோற்ற பிறகு தன்னைத் தோற்றாரா? பீஷ்மரே பதில் தெரியாமல் தருமம் நுட்பமானது என்று நழுவினார். அந்த ஒரு கேள்வியைவிட அந்த மூன்று பக்கத்தில் என்ன அதிகம் இருக்கிறது?

செய்யாறு ஜமா

திமிரி ஐயாவுக்கு வணக்கம். நாங்கள் தலைமுறையாகக் கூத்து ஜமா, அதாவது தெருக்கூத்துக் குழு, வைத்திருக்கிற குடும்பம். இப்போது சித்தப்பாதான் வாத்தியார், நான் பின்பாட்டு, ஆள் குறைந்தால் வேஷமும் கட்டுவேன். நாவல் அதிகம் படித்தவன் இல்லை, எஸ். ராமகிருஷ்ணனின் ‘உப பாண்டவம்’ படித்திருக்கிறேன், ‘இரண்டாம் இடம்’ படித்திருக்கிறேன். ஆனால் இந்தப் பேச்சு எங்கள் தொழில் பேச்சு என்பதால் நுழைகிறேன்.

பங்குனி தொடங்கி ஆடி வரைக்கும் செய்யாறு, வந்தவாசி, ஆரணி, ஆற்காடு பக்கம் ஏதாவது ஒரு ஊரில் திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் வைத்திருப்பார்கள். மத்தியானம் பிரசங்கியார் வில்லிபாரதத்தைப் பாடிப் பொருள் சொல்லுவார், ராத்திரி நாங்கள் அதே கதையை ஆடுவோம். மூலமும் மறுபுனைவும் ஒரே ஊரில் ஒரே நாளில் நடக்கிறது. மத்தியானம் கேட்டவர்களும் வருவார்கள், மத்தியானம் வயலில் இருந்துவிட்டு நேராக ராத்திரி பாயோடு வருகிறவர்களும் உண்டு. கதை புரியவில்லை என்று எழுந்து போனவரை நான் பார்த்ததில்லை. காட்பாடி அக்கா கேட்ட கேள்விக்கு எனக்குத் தெரிந்த பதில் அதுதான்.

இப்போது கர்ண மோட்சத்துக்கு வாருங்கள். எங்கள் கூத்தில் கர்ணன் மனைவி பொன்னுருவி, வியாசரில் அப்படி ஒருத்தி கிடையாது. யுத்தத்துக்குப் போகிற அன்றைக்கு அவளிடம் விடை வாங்க வருகிறான். அவள் ராஜா வீட்டுப் பெண், தேரோட்டி மகனுக்கு வாக்கப்பட்டுவிட்டோமே என்கிற ஆத்திரத்தில் அவனுக்கு முகம் கொடுத்ததே இல்லை. கேட்டவனுக்கெல்லாம் அள்ளிக் கொடுத்தவன், சொந்த வீட்டு வாசலில் நின்று ஒரு வார்த்தைக்குக் கெஞ்சுகிறான். இதில் வேஷக்காரருக்கு ஒரு கஷ்டம் இருக்கிறது. கிரீடம், புஜக்கட்டை எல்லாம் மரத்தில் செய்தது, அதைக் கட்டிக்கொண்டால் நெஞ்சை நிமிர்த்தித்தான் நிற்க வரும், குனியமுடியாது. நிமிர்ந்தபடியே கெஞ்ச வேண்டும். சின்னப் பசங்கள் கட்டினால் கையை ஆட்டி, கண்ணைத் துடைத்து என்னென்னவோ பண்ணுவார்கள். சித்தப்பா அசையமாட்டார், குரலை மட்டும் இறக்கிவிடுவார், ஹார்மோனியக்காரர் அந்த இடத்தில் கையை எடுத்துவிடுவார். பெண்கள் பக்கம் மூக்கு உறிஞ்சுகிற சத்தம் கேட்கும்.

ஐயா சொன்ன கருத்தரங்குப் பேச்சுக்கு வருகிறேன். கூத்திலும் இந்தக் காலத்துப் பேச்சு உண்டு. துரியோதனன் சபையிலேயே நின்றுகொண்டு கட்டியங்காரன், கூத்தில் வருகிற கோமாளி, ரேஷன் கடையைப் பற்றிப் பேசுவான், கடைசி பஸ் வராததைப் பற்றிப் பேசுவான், முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிற ஊர்ப் பிரசிடெண்டைக் கிண்டல் பண்ணுவான். துரியோதனன் அதற்கெல்லாம் பதில் சொன்னாலும் ராஜாவாகத்தான் சொல்லுவான், விருத்தத்தை விட்டு இறங்கமாட்டான். கட்டியங்காரன் பேச்சை ராஜா பேச ஆரம்பித்தால் அன்றைக்குக் கூத்து படுத்துவிடும், ஜனம் எழுந்து டீக்கடைக்குப் போய்விடும். ஐயா படித்த அந்த நாவலில் திரௌபதிக்குக் கட்டியங்காரன் வசனத்தைக் கொடுத்துவிட்டார்கள் என்று நினைக்கிறேன்.

ஆரணி பட்டு

ஜமா அண்ணா சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்கிறேன். பெண் பாத்திரத்துக்கு வசனம் கூட்டுவதுதான் நியாயம் செய்வது என்று நினைத்துக்கொள்கிறார்கள். எம்.வி. வெங்கட்ராம் ‘நித்யகன்னி’யை 1940களிலேயே எழுதிவிட்டார், அதைப் படித்துவிட்டு இன்றைய புத்தகங்களைப் பாருங்கள்.

கதை தெரியாதவர்களுக்காக: மகாபாரதத்தின் உத்தியோக பர்வத்தில் காலவன் என்கிற சீடன், குருதட்சிணை என்ன வேண்டும் என்று விசுவாமித்திரரை விடாமல் நச்சரிக்கிறான். அவர் எரிச்சலில், ஒரு காது கறுத்த வெள்ளைக் குதிரை 800 கொண்டுவா என்கிறார். காலவன் போய்க் கேட்ட யயாதி ராஜாவிடம் குதிரை இல்லை, பதிலுக்குத் தன் மகள் மாதவியைக் கொடுக்கிறான். அவளுக்கு ஒரு வரம், பிள்ளை பெற்ற பிறகும் கன்னியாகிவிடுவாள். காலவன் அவளை ஒரு ராஜாவிடம் விட்டு 200 குதிரை, அடுத்தவனிடம் 200, மூன்றாமவனிடம் 200. அதற்கு மேல் உலகத்தில் குதிரையே இல்லை, மிச்சத்துக்குப் பதிலாக குருவே அவளை வாங்கிக்கொள்கிறார். நாலு பேருக்கும் ஒவ்வொரு பிள்ளை. கடைசியில் அப்பா சுயம்வரம் வைக்கிறார், அவள் காட்டைத் தேர்ந்தெடுத்துப் போய்விடுகிறாள்.

இந்தக் கதையை மூலத்தில் எதற்குச் சொல்கிறார்கள் தெரியுமா? நாரதர் துரியோதனனுக்குச் சொல்கிறார். பிடிவாதம் கெடுதல், காலவன் பிடிவாதம் பிடித்து எவ்வளவு அவஸ்தைப்பட்டான் பார் என்று. அவஸ்தை காலவனுடையதாம்! அந்தப் பெண்ணைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மறுபுனைவுக்கு இடம் அங்கேதான் இருக்கிறது. வெங்கட்ராம் அவளுக்கு ஒரு மனசு வைத்தார், காலவனுக்கும் அவளுக்கும் நடுவில் ஆசையை வைத்தார். அப்பா தர்மம் என்கிறார், காதலன் தர்மம் என்கிறான், குரு தர்மம் என்கிறார், கணக்கைத் தீர்ப்பது அவள் உடம்பு. வரத்தையே சாபமாக்கிக் காட்டினார். இதற்குப் பக்கம் பக்கமாகச் சொற்பொழிவு தேவைப்படவில்லை.

பாலாறு மணல்

மாதவி கதை எனக்குத் தெரியாது, படிக்கிறேன். ஆனாலும் ஒன்று கேட்கிறேன். வெங்கட்ராம் எடுத்தது யாரும் கவனிக்காத கிளைக்கதை. இப்போது எழுதுகிறவர்கள் எடுப்பது கர்ணன், திரௌபதி, சகுனி. கவனிக்கப்படாதவர்களா இவர்கள்? கர்ணனைப் பற்றி நம்ம ஊரில் ஆட்டோ பின்னாடி கூட எழுதியிருக்கிறான்.

ஆம்பூர் பையன்

எல்லோரும் அறிந்த பாத்திரத்தை எடுத்தாலும் செய்யலாம் அண்ணா. அப்புறம் ஜமா அண்ணா சொன்ன கட்டியங்காரன் விஷயத்துக்கு நேர் எதிராக ஒரு நாவல் இருக்கிறது, அதைச் சொல்லியே ஆகணும். பெர்சிவல் எவரெட் எழுதின ‘ஜேம்ஸ்’, 2024. மார்க் ட்வெய்னின் ‘ஹக்கிள்பெரி ஃபின்’னில் பையனோடு ஆற்றில் தெப்பத்தில் போகிற அடிமை ஜிம் இருக்கிறானே, அவன் வாயால் கதை. ட்வெய்னில் ஜிம் பேசுவது முழுக்கக் கொச்சை, படிக்கிறவர்கள் அவனை வெகுளி என்று நினைத்துக்கொள்வார்கள். எவரெட்டில் அந்தக் கொச்சை நடிப்பு. வெள்ளைக்காரர் காதில் விழுகிற வரைக்கும் அடிமைகள் அப்படிப் பேசுவார்கள், தனியாக இருந்தால் தெளிவான, படித்த இங்கிலீஷ். குழந்தைகளுக்கு ஜிம் இதை வகுப்பு மாதிரி எடுக்கிறான், எசமானியம்மா வீட்டில் தீப்பிடித்தால்கூட அவளே கண்டுபிடித்ததுபோலத் தோன்றும்படி பேசு என்று. நீ முந்திக்கொண்டு சொன்னால் புத்திசாலி என்று தெரிந்துவிடும், தெரிந்தால் ஆபத்து.

ஆக ராஜா பேச்சும் கட்டியங்காரன் பேச்சும் ஒரே ஆளிடம். கட்டியங்காரன் பேச்சு அவன் உயிர் பிழைக்கக் கட்டுகிற வேஷம். எழுதுவதற்காக ஒரு துண்டுப் பென்சில் அவனுக்குக் கிடைக்கிறது, அதைத் திருடிக் கொடுத்தவனைக் கொன்றுவிடுகிறார்கள். அந்தப் பென்சிலை பாக்கெட்டில் வைத்துக்கொண்டே மிச்சக் கதை முழுக்க ஓடுகிறான். ட்வெய்னை மட்டம் தட்டவும் இல்லை, ட்வெய்ன் மேல் பிரியமாகத்தான் எழுதியிருக்கிறார்.

செய்யாறு ஜமா

தம்பி, எதிர் எங்கே? நான் சொன்னதைத்தான் நீயும் சொல்கிறாய். யார் எதைப் பேசுகிறார்கள் என்று அந்த ஆளுக்குத் தெரிந்திருக்கிறது, தெரிந்து கலக்கியிருக்கிறார். தெரியாமல் கலந்தால்தான் கூத்து கெடும்.

அப்புறம் பாலாறு அண்ணனுக்கு: பீமனைத் தெரியாதவர்கள் உண்டா? மலையாளத்தில் எம்.டி. வாசுதேவன் நாயர் அவனைத்தானே எடுத்தார். குறிஞ்சிவேலன் தமிழில் கொடுத்த ‘இரண்டாம் இட’த்தை எங்கள் பீம வேஷக்காரருக்குப் படிக்கக் கொடுத்தேன். நாங்கள் ஆடுகிற பீமன் வயிறு, கதை, உருட்டு முழி. நாவலில் அவன் எல்லாக் காரியத்தையும் செய்து முடித்துவிட்டு, பாராட்டு அர்ச்சுனன் பக்கம் போவதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். கடோத்கசன் செத்த அன்றைக்கு முகாமில் சந்தோஷம், கண்ணன் குதிக்கிறான். மூலத்திலேயே அது இருக்கிறது. செத்தது பீமன் பெற்ற பிள்ளை, அவன் அந்த இடத்தில் எப்படி உட்கார்ந்திருப்பான் என்று நாயர் மட்டும்தான் திரும்பிப் பார்க்கிறார். படித்த பிறகு எங்கள் ஆள் அந்த ராத்திரி ஆட்டத்தில் ஒரு அடவைக் குறைத்துவிட்டார். ஏன் என்று வாத்தியார் கேட்டதற்கு, இன்றைக்கு ஆடத் தோன்றவில்லை என்றார். திட்டு வாங்கினார் என்பது வேறு.

திமிரி தமிழாசிரியர்

பைரப்பாவின் ‘பருவ’த்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள், கன்னடத்தில் 1979, பாவண்ணன் தமிழாக்கத்துக்கு சாகித்திய அகாதெமியின் மொழிபெயர்ப்புப் பரிசு கிடைத்தது. அற்புதம் எதையும் உள்ளே விடாதவர் பைரப்பா. சேலை வளராது, தேர் பறக்காது. கிழட்டுச் சல்லியன் வீட்டில் பெண்ணுக்கு எவ்வளவு பரிசம் வாங்கலாம் என்கிற பேச்சிலிருந்து கதை கிளம்பும். போர்க்களத்தில் பிணம் அழுகுகிற நாற்றம், தண்ணீர்ப் பஞ்சம், படைவீரர்கள் வெளிக்குப் போக இடமில்லாத அவலம், இவைதான் பாரதப் போர். படித்தபின் சில நாள் எனக்கு வில்லிபாரதம் ஓடவில்லை, உள்ளதைச் சொல்கிறேன்.

ஜெயமோகன் எதிர்ப்பக்கம். 2014 தொடங்கி 2020 வரை ‘வெண்முரசு’ 26 நாவல்கள், அங்கே நாகமும் சூரியனும் கனவும் எல்லாம் உண்டு. அவர் பைரப்பா விட்டதையெல்லாம் பொறுக்கி எடுத்துக்கொண்டார் என்று வேடிக்கையாகச் சொல்வேன்.

குடியாத்தம் கைத்தறி

எல்லோரும் புத்தகமாகவே பேசுகிறீர்கள், எங்கள் ஊர்த் திருவிழாவே ஒரு மறுபுனைவு. வைகாசி முதல் நாள் கெங்கையம்மன் சிரசு. தரணம்பேட்டை முத்தியாலம்மன் கோயிலில் இருந்து அம்மன் தலை மட்டும் கிளம்பும், தெருவெல்லாம் தேங்காய் உடைப்பார்கள், ஓடு காலில் குத்தாமல் நடக்கமுடியாது, தலை மாலைக்குள் முங்கி முங்கி மிதந்து போகும். கோபாலபுரம் கோயிலில் உடம்பு காத்திருக்கும். அதில் கொண்டுபோய்த் தலையைப் பொருத்துவார்கள்.

தலை ரேணுகையுடையது. சலனப்பட்டாள் என்று புருஷன் ஜமதக்னி வெட்டச் சொல்கிறார், மகன் பரசுராமன் துரத்துகிறான், ஓடி ஒளிகிறாள். ஒளித்துக் காப்பாற்றப் பார்த்தது தீண்டக்கூடாது என்று ஒதுக்கிவைத்த சாதிப் பெண். அவளையும் வெட்டினான். அப்புறம் வரம் வாங்கி எழுப்பும்போது தலையும் உடம்பும் மாறிப்போயிற்று. அம்மன் தலை, அந்தப் பெண் உடம்பு. சாதிப்பெயரைத் தவிர அவளுக்கு வேறு பெயர்கூடக் கிடையாது.

நீங்கள் எழுதுகிற ஆளாக இருந்தால் எழுதுங்கள், அந்த உடம்புக்காரி கதையை. அடைக்கலம் கொடுத்தாள், அதற்காகச் செத்தாள், சாமியானாள், ஆனால் கும்பிடுகிறவன் முகத்தைத்தான் பார்க்கிறான். அன்று ராத்திரியே சிரசைத் திரும்ப எடுத்துவிடுவார்கள், எல்லோரும் சிரசு பின்னாடி போய்விடுவோம்.

திமிரி தமிழாசிரியர்

வன பர்வத்தில் ரேணுகை கதை இருக்கிறது. அங்கே இரண்டாவது பெண் இல்லை. தாய் வெட்டுப்படுகிறாள், பரசுராமன் வரம் கேட்கிறான், தாய் எழுகிறாள், நடந்தது அவளுக்கு நினைவிருக்காது. அவ்வளவே.

குடியாத்தம் கைத்தறி

ஐயா, அதைத்தானே நானும் சொல்கிறேன். வியாசரில் இல்லாத பெண்ணை எங்கள் ஊர்க்காரர்கள் உள்ளே கொண்டுவந்தார்கள். பொன்னுருவியைக் கூத்துக்காரர்கள் கொண்டுவந்த மாதிரி.

ஆரணி பட்டு

ரேணுகை என்றதும் வோல்கா ஞாபகம் வந்தது. தெலுங்கில் ‘விமுக்த’, தமிழில் கௌரி கிருபானந்தன் ‘மீட்சி’ என்று கொடுத்திருக்கிறார். நாவல் என்று சொல்லமுடியாது, கோத்த கதைகள். சீதை ஒவ்வொருத்தியாகச் சந்திக்கிறாள், சூர்ப்பனகை, அகலிகை, ரேணுகை, ஊர்மிளை. ரேணுகை அங்கே ஆற்று மணலில் பானை வனைகிறவள். கற்பு இருந்தால் மணல் பானை நிற்கும் என்று ஊர் சொன்னதை, அது கைப்பக்குவம், கவனம் சிதறினால் உடையும் என்று அவள் வேலைக்காரியின் பேச்சாகச் சொல்லுவாள். ரேணுகாம்பாள் கோயில் இருக்கிற படவேடு போய் வந்த பிறகு அந்தக் கதையைப் படியுங்கள், கமண்டல நதி அங்கேதானே ஓடுகிறது (தண்ணீர் இருந்தால்).

ஆனால் வோல்காவிடமும் அந்த இரண்டாவது பெண் இல்லை. குடியாத்தம் அண்ணன் கேட்ட நாவல் பாக்கிதான்.

ஆம்பூர் பையன்

தலை மாறுகிற கதை வேதாளம் சொல்கிற கதைகளிலும் உண்டு. யார் புருஷன் என்று வேதாளம் கேட்கும், தலை எவனுடையதோ அவனே என்று விக்கிரமாதித்தன் டக்கென்று சொல்லிவிடுவான். தாமஸ் மன் ஜெர்மனில் அதை எடுத்து 1940இல் குறுநாவல் எழுதினார், கிரீஷ் கர்னாட் ‘ஹயவதன’ நாடகம் போட்டார். இரண்டு பேரும் விக்கிரமாதித்தன் பதிலை ஒத்துக்கொள்ளவில்லை, உடம்புக்கும் ஞாபகம் உண்டு என்கிற பக்கம் போனார்கள். ஆனால் அவர்கள் கதையில் சாதி ஓரமாகத்தான் வருகிறது. குடியாத்தத்தில் அதுதான் கதையே.

பாலாறு மணல்

இது நல்ல விஷயம். இதை எழுதுங்கள், நான் காசு கொடுத்து வாங்குகிறேன். கர்ணனை விட்டுவிடுங்கள் என்பதில் மாற்றமில்லை.

வாலாஜா நூலகத்து மூலை

காட்பாடி மேடம் கேட்ட கேள்வியைத் தேர்த்திருவிழாவில் தொலைத்துவிட்டீர்கள். மூலம் படிக்கணுமா? புத்தகத்துக்குப் புத்தகம் மாறும்.

ஜீன் ரிஸ், கரீபியத் தீவில் பிறந்தவர், 1966இல் ‘வைட் சர்காசோ சீ’ எழுதினார். ‘ஜேன் அயர்’ நாவலில் பரணில் பூட்டிவைத்திருக்கிற பைத்தியக்கார மனைவி, அவளுடைய இளமைக் கதை. ஜமைக்கா வரைக்கும் எந்த மூலமும் தேவையில்லை, தோட்டமும் வெயிலும் பயமுமாகத் தானே நிற்கும். புருஷன் அவள் பெயரையே மாற்றிக் கூப்பிட ஆரம்பிப்பான். கடைசிப் பகுதி இங்கிலாந்துப் பரணுக்கு வந்துவிடும், அங்கே ‘ஜேன் அயர்’ படிக்காதவர் திணறுவார், யார் இந்தக் காவல்காரி, என்ன தீ என்று. அதனால் கதைச் சுருக்கமாவது சொல்லிவிட்டுத் தொடங்கவேண்டும்.

ஜெயமோகனின் ‘கொற்றவை’ (2005) வேறு மாதிரி கஷ்டம். கோவலன் கதை எல்லோருக்கும் தெரியும், நடைதான் தடுக்கும், வடசொல் தவிர்த்து எழுதினது. எங்கள் நூலகப் பிரதியில் முதல் பகுதியில் நிறையப் பென்சில் கோடு, நடுவில் பக்கங்கள் புத்தம் புதிதாக இருக்கின்றன. நான் முடித்தேன், பிடித்தது, ஆனால் மொட்டை மாடி வட்டத்தில் வைத்தால் பாதிப் பேர் அடுத்த வாரம் வரமாட்டார்கள். பூமணியின் ‘கொம்மை’ வையுங்கள், பாரதம் முழுக்கக் கரிசல்காட்டுப் பேச்சில் இறங்கி வரும். வட ஆற்காட்டுப் பேச்சில் அப்படி ஒன்றை யாராவது எழுதினால் ஜமாக்காரர்கள் வீட்டிலிருந்துதான் எழுதவேண்டும்.

புதுமைப்பித்தனை ஒருத்தரும் சொல்லவில்லையே! ‘சாப விமோசனம்’ சிறுகதைதான், அதனால் என்ன. ராமாயணப் பரிச்சயமுள்ளவர்களுக்கு இது பிடிபடாமல், பிடிக்காமல்கூட இருக்கலாம், அதைப் பொருட்படுத்தவில்லை என்று கதைக்கு முன்னாலேயே எழுதிவைத்த ஆள். அகலிகை கல்லிலிருந்து எழுந்த பிறகு ஊர் அவளை எப்படிப் பார்க்கிறது என்பதில் ஆரம்பித்து, சீதை அக்கினிப் பிரவேசம் பற்றி அவளிடம் சொல்கிற இடத்தில் கொண்டுபோய் நிறுத்துவார். ராமன் கேட்டானா என்று அகலிகைக்குத் தாங்கமாட்டாது. மூலம் தெரிந்தவனுக்குத்தான் அந்த அடி விழும், இதில் உங்கள் மூத்தவர் கட்சி ஜெயிக்கிறது.

காட்பாடி கிழக்கு

எல்லோருக்கும் நன்றி. வட்டத்தில் காட்டினேன். முதலில் ‘சாப விமோசனம்’, ஒரே உட்காரலில் முடியும். அடுத்தது ‘நித்யகன்னி’. அப்புறம் ‘இரண்டாம் இடம்’. ‘ஜேம்ஸ்’ இங்கிலீஷ் என்பதால் கல்லூரிப் பிள்ளைகள் படித்துவிட்டு எங்களுக்குச் சொல்லுவதாக ஏற்பாடு. ‘பருவம்’ பருமனைப் பார்த்துத் தள்ளிவைத்திருக்கிறோம், திமிரி ஐயா கோபித்துக்கொள்ளக் கூடாது. கர்ணன் இல்லை, பாலாறு அண்ணனுக்குத் திருப்தியா?

மூத்தவர் மட்டும் இன்னும் முறுக்கிக்கொண்டிருக்கிறார், மூலத்தைத் தொடாமல் மாதவியைப் பேசுவதில் சம்மதமில்லையாம்.

திமிரி தமிழாசிரியர்

அவர் சொல்வதில் தவறில்லை அம்மா. காலவன் கதை மூலத்திலேயே பெரிய நீளமில்லை, ஒரு மாலையில் வாசித்துவிடலாம். மகாபாரதத் தமிழ் மொழிபெயர்ப்பான கும்பகோணம் பதிப்பில் உத்தியோக பர்வம் மட்டும் என்னிடம் தனியாக இருக்கிறது. அது கையில் கிடைக்காதவர்களுக்கு அருட்செல்வப்பேரரசன் மொழிபெயர்ப்பு இணையத்தில் இலவசமாகவே இருக்கிறது. முதலில் நாரதர் சொல்கிறபடி கேட்டுவிட்டு, அந்தச் சூடு ஆறுவதற்குள் வெங்கட்ராமை எடுங்கள். ஆரணி அம்மா சொன்னது எவ்வளவு சரி என்று அப்போது தெரியும்.

காட்பாடி கிழக்கு

சரி ஐயா, அப்படியானால் நீங்களே வந்து வாசித்துவிடுங்கள். ஞாயிறு ஐந்து மணி. ஆற்காட்டிலிருந்து பஸ் ஏறினால் காட்பாடியில் சித்தூர் பஸ் ஸ்டாண்டில் இறங்குங்கள், பையனை வண்டியோடு அனுப்புகிறேன். படி ஏறமுடியுமா என்று மட்டும் சொல்லுங்கள், முடியாவிட்டால் கீழே வராந்தாவில் வைத்துக்கொள்கிறோம்.